முத்துப்பிள்ளைக்கு அப்புறம் வர்ற கேன்சர்: ‘ஸ்டேஜ் 3’ன்னு எழுதியிருந்தா என்ன அர்த்தம்?

தம்பி (31 வயசுன்னு நீங்களே போட்டிருக்கீங்க, அந்த உரிமையில கூப்பிடுறேன்), நீங்க எழுதினதுல கேள்வி மூணு இருக்கு. இந்த நோய் எத்தனை பேருக்கு வருது, உடம்புல எங்கெல்லாம் பரவும், வந்தவங்க கதி என்ன. ஆனா ரெண்டு தடவை படிச்சுப் பாத்தா நீங்க கேக்குறது அது இல்ல. ரெண்டரை மாசம் முன்னாடி உங்க மனைவிக்கு முத்துப்பிள்ளைன்னு (குழந்தை சரியா உருவாகாம நஞ்சுக்கொடித் திசு பெருகுற கர்ப்பம்) சொல்லி சக்ஷன் வெச்சு எடுத்தாங்க, அப்போ 1,86,000 இருந்த பீட்டா எச்.சி.ஜிங்கிற கர்ப்ப ஹார்மோன் மளமளன்னு இறங்கி வந்து கடைசி நாலு வாரமா 4,200, 3,950, 4,080, 3,990ன்னு அங்கேயே நின்னுடுச்சு, கர்ப்பப்பை சுவத்துல 3.5 செ.மீ.க்கு ஒரு கட்டி, நெஞ்சு எக்ஸ்ரேல வலது பக்கம் ரெண்டு புள்ளி, ஓ.பி. சீட்டுல ‘ஸ்டேஜ் 3’ன்னு எழுதி கீமோ ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. ராத்திரி முழுக்க நெட்ல தேடியிருக்கீங்க. 26 வயசுப் பொண்ணு பிழைப்பாளா, பின்னாடி எங்களுக்குக் குழந்தை பிறக்குமா, இதுதான் கேள்வி.

பதிலை முதல்ல சொல்லிடுறேன், விளக்கத்தை அப்புறம் மெதுவா படிங்க. நீங்க போட்டிருக்கிற விவரம் அத்தனையும் சரின்னா உங்க மனைவி இருக்கிறது ‘லோ ரிஸ்க்’, அதாவது ஆபத்து குறைஞ்ச பிரிவுல. இந்தப் பிரிவுல மருந்தை முழுசா எடுத்து, ரத்தப் பரிசோதனையை விடாம வர்றவங்கள்ல குணமாகிறவங்க கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு. ஆறுதலுக்காக சொல்ற பேச்சு இல்ல இது, உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட கணக்கு. பெரும்பாலானவங்களுக்கு கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்ல, குழந்தையும் பிறக்கும். நான் மகப்பேறு படிச்சிட்டு அப்புறம் பெண்களுக்கான கேன்சர் பிரிவுக்குப் போனவ, இந்த நோயோட வர்றவங்களைப் பல வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். ஆனா உங்க மனைவியோட ஃபிலிமை நான் பாக்கல, அவங்களைப் பரிசோதிக்கவும் இல்ல. அதனால நான் சொல்றதும் உங்க டாக்டர் சொல்றதும் முட்டுச்சுன்னா அவங்க பேச்சைத்தான் கேக்கணும்.

நெட்ல நீங்க படிச்சதுல பாதி வேற விஷயம். கர்ப்பமா இருக்கும்போது மார்புலயோ கர்ப்பப்பை வாய்லயோ கேன்சர் வர்றது தனி, அது ஏறக்குறைய ஆயிரம் கர்ப்பத்துல ஒண்ணுல வரும், அதோட வைத்தியமும் தனி, போக்கும் தனி. உங்க மனைவிக்கு வந்திருக்கிறது கர்ப்பத்துல இருந்தே முளைச்சது. நஞ்சுக்கொடியை உண்டாக்குற செல்லுக்கு ட்ரோஃபோபிளாஸ்ட்னு பேரு. அதோட வேலையே கர்ப்பப்பை சுவத்தைத் துளைச்சு உள்ள போய் அம்மாவோட ரத்தக் குழாயைப் பிடிக்கிறதுதான், இல்லைன்னா எந்தக் குழந்தையும் வளராது. சாதாரண கர்ப்பத்துல ஒரு அளவுக்கு மேல போகாம அது நின்னுடும். முத்துப்பிள்ளையில (நாங்க ‘மோல்’னு சொல்றது) குழந்தை உருவாகாம (இது முழு மோல்), இல்ல அரைகுறையா உருவாகி (இது அரைகுறை மோல்) அந்தத் திசு மட்டும் நீர் கோத்துக்கிட்டு, வேக வெச்ச ஜவ்வரிசி மாதிரி முத்து முத்தா ரொம்பிடும். எடுத்ததுக்கு அப்புறமும் மிச்சம் இருக்கிற செல் நிக்காம பெருகுனா அதுதான் இப்ப நீங்க பாக்குறது. அதுக்குள்ளயே சுவத்துக்குள்ள புகுந்த மோல், கோரியோகார்சினோமா (இந்த செல்லே கேன்சரா மாறினது), இன்னும் ரெண்டு அபூர்வ வகைன்னு பிரிவு உண்டு. முதல் ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான்ங்கிறதால உங்க சீட்டுல எதுன்னு தெளிவா எழுதலைன்னா அதை நினைச்சுக் குழப்பிக்காதீங்க.

ஒரு வரி ஓரமா எழுதியிருந்தீங்க, வீட்டுல பெரியவங்க ‘இவ உடம்பு சூடு, பப்பாளி தின்னா’ன்னு பேசுறாங்கன்னு. அதை உடனே நிறுத்தச் சொல்லுங்க. முழு மோல்ல நடக்கிறது என்னன்னா, கருமுட்டையில இருக்க வேண்டிய மரபணுப் பொருள் காணாம போயிடும், உள்ள போன ஒரு விந்தணு தன்னைத்தானே ரெட்டிப்பாக்கிக்கும் (சில பேருக்கு ரெண்டு விந்தணு நுழையும்), ஆக அதுல இருக்கிற குரோமோசோம் முழுக்க அப்பாவோடது. அரைகுறை மோல்ல அம்மாவோடது ஒரு பங்கு, அப்பாவோடது ரெண்டு பங்கு, மொத்தம் 69. அதனால ஆம்பளை மேல தப்புன்னும் இல்ல, கரு உண்டாகிற அந்த நேரத்துல நடக்கிற கோளாறு இது, சாப்பாட்டாலயோ வேலை செஞ்சதாலயோ ஸ்கூட்டி ஓட்டுனதாலயோ வர்றது இல்ல.

எத்தனை பேருக்கு வருதுங்கிறதுல உறுதியானதை முதல்ல சொல்றேன். ஐரோப்பா, வட அமெரிக்காவுல முத்துப்பிள்ளை ஏறக்குறைய ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒண்ணு. கோரியோகார்சினோமா அதை விட ரொம்ப அபூர்வம், அங்க சுமார் 40,000 கர்ப்பத்துல ஒண்ணு. முழு மோல் எடுத்தவங்கள்ல நூத்துக்கு 15ல இருந்து 20 பேருக்கு உங்க மனைவிக்கு ஆன மாதிரி பின்னாடி கீமோ தேவைப்படும், அரைகுறை மோல்னா அது 1ல இருந்து 5க்குள்ளதான். வயசும் உறுதியா தெரிஞ்ச ஒண்ணு: 16 வயசுக்குக் கீழ, 40க்கு மேல கர்ப்பமானா முழு மோல் வர்ற வாய்ப்பு கூடும், 45 தாண்டினா இன்னும் பல மடங்கு. ஒரு தடவை மோல் வந்தவங்களுக்கு அடுத்த கர்ப்பத்துலயும் வர்றதுக்கான வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணு, ரெண்டுதான். ரெண்டு தடவை வந்துட்டா 15, 20ன்னு ஏறிடும், அவங்கள்ல சில பேருக்கு என்.எல்.ஆர்.பி 7ங்கிற மரபணுவுல கோளாறு இருக்கும், சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல அதைக் கொஞ்சம் கூடுதலா பாக்கலாம்.

ஆசியாவுல கூடுதல்ங்கிற பேச்சுதான் பாதி நிஜம், பாதி கணக்குக் கோளாறு. தென்கிழக்கு ஆசியாவுல, முக்கியமா இந்தோனேசியாவுல, நூறு கர்ப்பத்துக்கு ஒண்ணுன்னு வரைக்கும் பழைய கட்டுரைகள் இருக்கு. அது பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவங்களை வெச்சுப் போட்ட கணக்கு, வீட்டுலயும் சின்ன ஆஸ்பத்திரியிலயும் நல்லபடியா பிரசவமானவங்க அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க, அப்ப விகிதம் ஏறத்தானே செய்யும்? நம்ம நாட்டுல அடிக்கடி மேற்கோள் காட்டுற எண்ணும் பெரும்பாலும் அப்படித்தான், ஏதாவது ஒரு மெடிக்கல் காலேஜோட பிரசவ வார்டுக் கணக்கு. ஆனா மொத்தமும் மாயைன்னும் சொல்ல முடியாது. இங்கிலாந்துல 1973ல இருந்து ஒவ்வொரு முத்துப்பிள்ளையையும் பதிவு பண்றாங்க, அங்க ஆசிய வம்சாவளிப் பெண்கள்ல 387 பிரசவத்துக்கு ஒண்ணு, மத்தவங்கள்ல 752க்கு ஒண்ணுன்னு வந்துச்சு. ஒரே நாடு, ஒரே பதிவேடு, ஒரே முறையில எண்ணினது, அதனால இந்த வித்தியாசத்தை நான் நம்புறேன். ஜப்பான்லயும் கொரியாவுலயும் சில பத்து வருஷத்துல எண்ணிக்கை நல்லா குறைஞ்சிருக்கு, ஒரு தலைமுறைக்குள்ள மரபணு மாறப்போறது இல்ல, ஆக வாழ்க்கை முறை, சாப்பாடு, பிள்ளை பெத்துக்கிற வயசு இதுல ஏதோ ஒண்ணுக்குப் பங்கு இருக்கணும். கேரட், கீரையில இருக்கிற கரோட்டின் குறைஞ்சா வரும்னு ஒரு கருத்து ரொம்ப நாளா சுத்துது, ஆதாரம் பலமா இல்ல, சாப்பாட்டை மாத்தி இதைத் தடுத்துக் காட்டினவங்களும் யாரும் இல்ல. ரத்த குரூப் சம்பந்தமும் அப்படித்தான்.

இப்ப பரவுற விஷயத்துக்கு வரேன், உங்களைத் தூங்கவிடாம பண்றது இதுதானே. இந்த செல் இயல்புலயே ரத்தக் குழாயைத் தேடிப் போற செல்னு சொன்னேன், அதனால கர்ப்பப்பையை விட்டு வெளிய போனா ரத்தம் வழியா நேரா நுரையீரலுக்குத்தான் முதல்ல போகும். பரவினவங்கள்ல 80 சதவீதம் பேருக்கு நுரையீரல்லதான் இருக்கும், 30 சதவீதம் பேருக்குப் பிறப்புறுப்புப் பாதையில, மூளையிலயும் ஈரல்லயும் ஏறக்குறைய பத்துப் பத்து. பிறப்புறுப்புப் பாதையில நீலமா, கருஞ்சிவப்பா ஒரு முடிச்சு தெரிஞ்சா அதை யாரும் கிள்ளி பயாப்ஸி எடுக்கக் கூடாது, ரத்தம் குழாய் திறந்த மாதிரி கொட்டும், அப்புறம் நிறுத்துறது பெரும்பாடு. கேன்சர்னாலே சதைத்துணுக்கு எடுத்து ஊர்ஜிதம் பண்ணணும்னு எல்லாரும் நினைப்பாங்க, ‘பயாப்ஸி எடுக்காமயே கீமோங்கிறாங்களே’ன்னு நீங்களும் சந்தேகப்பட்டிருக்கீங்க. முத்துப்பிள்ளைக்கு அப்புறம் வர்ற இந்த நோய்க்கு மட்டும் ரத்த எச்.சி.ஜி போக்கே போதுமான சாட்சி. நாலு அளவு, மூணு வாரத்துக்கு, பத்து சதவீதத்துக்குள்ளயே ஏறி இறங்கி நின்னா வைத்தியம் ஆரம்பிக்கணும்னு உலகளாவிய மகப்பேறு கூட்டமைப்பான ஃபிகோ வகுத்து வெச்சிருக்கு. நீங்க போட்ட நாலு எண்ணும் அந்த விதிக்கு அப்படியே பொருந்துது. உங்க டாக்டர் அவசரப்படல.

ஸ்டேஜ்னு எழுதியிருக்கிறதைப் பாத்துப் பயந்துட்டீங்க, பக்கத்துலயே இன்னொரு 3 இருக்குன்னு நீங்க கவனிக்கல. சீட்டுல ‘III:3’ன்னு எழுதியிருக்குன்னு போட்டோவுக்கு அடியில நீங்களே டைப் பண்ணியிருக்கீங்க பாருங்க, அதுல முதல்ல இருக்கிறது ஸ்டேஜ், ரெண்டாவது ஸ்கோர். ஸ்டேஜ் சொல்றது இடத்தை மட்டும்: கர்ப்பப்பைக்குள்ள இருந்தா 1, இடுப்புக்குள்ளயும் பிறப்புறுப்புலயும்னா 2, நுரையீரல்னா 3, ஈரல் மூளைன்னா 4. இதுல என்ன வைத்தியம்னு முடிவு பண்றது ஸ்கோர்தான். உங்க மனைவிக்குப் போட்டுப் பாப்போம். வயசு 40க்குக் கீழ, பூஜ்யம். முந்தின கர்ப்பம் முத்துப்பிள்ளை, பூஜ்யம் (சாதாரணக் கருச்சிதைவுன்னா 1, முழுப் பிரசவம்னா 2). எடுத்து நாலு மாசம் ஆகல, பூஜ்யம். எச்.சி.ஜி ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவுல, 1. பெரிய கட்டி 3.5 செ.மீ., 1. பரவின இடம் நுரையீரல், அதுக்குப் பூஜ்யம்! நல்லா கவனிங்க, நுரையீரலுக்குப் போனதுக்குன்னு ஒரு மார்க்கும் கிடையாது, ஈரல் மூளைன்னாதான் 4. எக்ஸ்ரேல தெரியிற புள்ளி ஒண்ணுல இருந்து நாலுக்குள்ள, 1. முன்னாடி கீமோ எடுத்ததில்ல, பூஜ்யம். மொத்தம் 3. ஆறு வரைக்கும் லோ ரிஸ்க், ஏழுல இருந்து ஹை ரிஸ்க். வேற கேன்சர்கள்ல ‘நுரையீரலுக்குப் பரவிடுச்சு’ங்கிற வாக்கியமும் ‘கிட்டத்தட்ட எல்லாரும் குணமாயிடுவாங்க’ங்கிற வாக்கியமும் பக்கத்துல பக்கத்துல வர்றது ரொம்ப அபூர்வம், இதுல வரும். மார்பு கேன்சர் வந்த சொந்தக்காரங்க கதையை வெச்சு இதை அளக்காதீங்க.

லோ ரிஸ்க்னா பெரும்பாலும் ஒரே மருந்துதான், மெத்தோட்ரெக்சேட். நிறைய இடத்துல கொடுக்கிற முறை எட்டு நாள் சுத்து: 1, 3, 5, 7ஆம் நாள் இடுப்புல இல்ல தொடையில ஊசி, 2, 4, 6, 8ஆம் நாள் ஃபோலினிக் ஆசிட் மாத்திரை, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இதையே திரும்ப ஆரம்பிப்பாங்க. முடி பொதுவா கொட்டாது, இதைக் கேட்டா பல பொண்ணுங்க முகமே மாறும். வாய்ப்புண் வரும், கண்ணு உறுத்தும், சிலருக்கு மூச்சை இழுத்தா நெஞ்சு வலிக்கும், அப்படி இருந்தா மறைக்காம சொல்லணும். தண்ணி நிறைய குடிக்கணும். இன்னொண்ணு, கர்ப்பமா இருந்தப்ப கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரை வீட்டுல மிச்சம் இருக்கும், ‘ரத்தத்துக்கு நல்லது’ன்னு அம்மா அதை எடுத்துக் கொடுத்துடுவாங்க, சத்து டானிக்லயும் அது இருக்கும். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யறதே ஃபோலிக் ஆசிட் பாதையை அடைச்சுத்தான், டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஃபோலினிக் ஆசிட் நேரம் பாத்துக் கொடுக்கிற வேற மாத்திரை, பேரு ஒரே மாதிரி இருக்குன்னு மாத்திடாதீங்க. உடம்பு வலின்னு கடையில வலி மாத்திரை வாங்கிப் போடுறதும் வேண்டாம், சிறுநீரகம் மருந்தை வெளியேத்துறது அதனால குறையும். ஒரே மருந்துல குணமாகிறவங்க ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேரு. மீதி மூணு பேருக்கு எச்.சி.ஜி நடுவுல நின்னுடும், உடனே ஆக்டினோமைசின் டிங்கிற இன்னொரு கீமோ மருந்துக்கோ பல மருந்து சேர்ந்த கூட்டு மருந்துக்கோ மாத்துவாங்க, அவங்களும் குணமாயிடுவாங்க. அதனால ‘மருந்தை மாத்துறோம்’னு சொன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. ஸ்கோர் 5, 6ன்னா ஒரே மருந்து பலிக்கிறது கம்மி, அங்கதான் டாக்டருங்களே முன்னாடியே யோசிப்பாங்க.

இந்த மருந்தோட கதையில சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கு, சொல்லாம விட மனசு வரல. பீமவரத்துல பிறந்து மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் கோட் போட்டுட்டு போனதால ஆங்கிலேயப் பேராசிரியரோட கோபத்துக்கு ஆளாகி முழு எம்.பி.பி.எஸ் கிடைக்காம எல்.எம்.எஸ் பட்டத்தோட வெளிய வந்தவரு. பின்னாடி அமெரிக்காவுல லெடர்லே ஆய்வுக்கூடத்துல அவர் தலைமையிலதான் ஃபோலிக் ஆசிட்டையும் அதை எதிர்க்கிற மருந்துகளையும் செஞ்சாங்க, மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசையில வந்தது. 1948ல அவர் இறந்துட்டார். 1956ல அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்துல மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும் இதைக் கோரியோகார்சினோமாவுக்குக் கொடுத்து நுரையீரல் புள்ளியெல்லாம் கரைஞ்சு போறதைக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி பரவின நோயோட வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு வருஷம் தாங்கினதில்ல. திடக்கட்டியா வர்ற ஒரு கேன்சர் மருந்தாலயே முழுசா குணமானது உலகத்துல அதுதான் முதல் தடவை. லீ பண்ண ஒரு காரியம் உங்களுக்கும் முக்கியம்: எக்ஸ்ரே சுத்தமாகி, பொண்ணு எழுந்து நடமாடினதுக்கு அப்புறமும் ஹார்மோன் முழுசா இறங்குற வரைக்கும் மருந்தை நிறுத்தமாட்டேன்னு நின்னாரு. தேவையில்லாம விஷம் கொடுக்கிறார்னு மேல இருக்கிறவங்க நினைச்சு அவரை வெளிய அனுப்பிட்டாங்க. ஆனா அவர் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தவங்கதான் பிழைச்சாங்க, 1972ல லீ, ஹெர்ட்ஸ் ரெண்டு பேருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைச்சது. இன்னைக்கும் எச்.சி.ஜி சாதாரண அளவுக்கு வந்த பிறகு மேல மூணு சுத்து கொடுக்கிறது அந்தக் காரணத்துக்குத்தான், கண்ணுக்கும் டெஸ்ட்டுக்கும் தெரியாம சில செல் மிச்சம் இருக்கும். நம்ம ஊர்ல நான் பாக்குற சிக்கலே இந்த இடத்துலதான், ரத்தப்போக்கு நின்னுடுச்சு, ரிப்போர்ட் நார்மல், ஊசி போட்டா வாய் புண்ணாகுது, ஊர்ல திருவிழா வேற, அப்படியே வராம விட்டுடுவாங்க, சில மாசம் கழிச்சு வரும்போது ஸ்கோர் ஏறியிருக்கும்.

அப்ப இதுல யார்தான் இறந்து போறாங்கன்னு கேப்பீங்க. பெரும்பாலும் முத்துப்பிள்ளைன்னு தெரிஞ்சு, வாராவாரம் டெஸ்ட் எடுத்தவங்க இல்ல. கோரியோகார்சினோமாவுல பாதிதான் மோலுக்கு அப்புறம் வருது, கால்வாசி கருச்சிதைவுக்கோ கருக்குழாய் கர்ப்பத்துக்கோ அப்புறம், இன்னொரு கால்வாசி நல்லபடியா குழந்தை பிறந்ததுக்கு அப்புறம். அந்தக் கடைசி ரெண்டுலயும் யாருக்கும் சந்தேகமே வராது. நல்லா நினைவிருக்கிற ஒரு பொண்ணு, குழந்தை பிறந்து அஞ்சாறு மாசம், இருமுனா ரத்தம், எக்ஸ்ரே பூரா உருண்டை உருண்டையா வெள்ளைப் புள்ளி. வேற ஒரு இடத்துல காசநோய்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சு, சளியில கிருமி வராமலேயே ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்ககிட்ட வந்தப்ப மாதவிலக்கு எப்படின்னு கேட்டா, பிரசவத்துல இருந்தே அப்பப்ப படுதுன்னு சொன்னா. மெடிக்கல் ஷாப்ல அம்பது ரூபாய்க்கு விக்கிற கர்ப்ப டெஸ்ட் கார்டுல மூத்திரம் ரெண்டு சொட்டு விட்டோம், கோடு ரெண்டும் பளிச்சுன்னு வந்துச்சு. ஸ்கோர் பத்தைத் தாண்டிடுச்சு. அஞ்சு மருந்து சேர்ந்த ஈ.எம்.ஏ-சி.ஓ கீமோ கொடுத்தாங்க, முடி மொத்தமும் போச்சு, ரத்தம் ஏத்த வேண்டியிருந்துச்சு, ஆனா பொண்ணு பிழைச்சுட்டா. பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ அப்புறம் ஆறு வாரம் தாண்டியும் தீட்டு நிக்கலைன்னா, பிள்ளை பெறக்கூடிய வயசுல நுரையீரல்ல காரணம் தெரியாத புள்ளி இருந்தா, ஒரு எச்.சி.ஜி பாத்துடணும். அதே மாதிரி கருக்கலைப்பு மாத்திரையை ஸ்கேன் எடுக்காம கடையில வாங்கிப் போடுறதும், டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் பண்றது) பண்ணி எடுத்த திசுவை பரிசோதனைக்கு அனுப்பாம குப்பையில போடுறதும் இந்த நோயை ஒளிச்சு வைக்கிற வேலைதான்.

ஹை ரிஸ்க்லயும் அனுபவம் உள்ள மையங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல குணமாகிறாங்க. நிஜமாவே நிலைமை கஷ்டமானது ஸ்கோர் 13ஓ அதுக்கு மேலயோ போறவங்களுக்கு, அதுலயும் ஈரல், மூளை ரெண்டுலயும் இருக்கிறவங்களுக்கு. அவங்களுக்கு முதல் வாரமே பெரிய டோஸ் கொடுத்தா கட்டி சட்டுன்னு உடைஞ்சு ரத்தம் கசிஞ்சு உயிருக்கு ஆபத்தாகும், அதனால குறைஞ்ச அளவுல எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் கொடுத்து மெதுவா ஆரம்பிக்கிறது இப்ப வழக்கம். இன்னும் அபூர்வமான ரெண்டு வகைன்னு முன்னாடி சொன்னேன்ல, நஞ்சுக்கொடி ஒட்டுற இடத்துல வர்ற கட்டியும் எப்பித்தீலியாய்டு வகையும், அதுங்க எச்.சி.ஜி அதிகமா சுரக்காது, கீமோவுக்கும் லேசுல மசியாது. கர்ப்பப்பையை எடுக்கிறதுதான் அங்க முதல் வைத்தியம், கடைசி கர்ப்பம் முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சு தெரிய வந்தா போக்கு மோசம். நான் சொன்ன நூத்துக்கு நூறு கணக்கு அந்த ரெண்டுக்கும் பொருந்தாது. உங்க மனைவியோட அளவுகளும் கதையும் அந்தப் பக்கம் காட்டல.

எங்களுக்குள்ளயே ஒத்துப் போகாத விஷயங்களும் இருக்கு. மெத்தோட்ரெக்சேட்டா ஆக்டினோமைசினா, எதை முதல்ல கொடுக்கிறதுன்னு வாதம் ஓயல, ரெண்டாவதுல முதல் தடவையிலேயே குணமாகிறவங்க கொஞ்சம் கூடன்னு சில ஒப்பீடு காட்டுது, ஆனா அது நரம்புல ஏத்துறது, முடியும் கொட்டலாம். இன்னொரு தடவை சுத்தம் பண்ணிட்டா கீமோவே வேண்டாம்னு உங்க சித்தி சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. நோய் கர்ப்பப்பைக்குள்ள மட்டும் இருக்கிற சில பேருக்கு அது பலிச்சிருக்கு, பத்துல நாலு பேரு அப்படித் தப்பிச்சதா ஒரு ஆய்வு உண்டு. நுரையீரல்ல புள்ளி இருக்கிறவங்களுக்கு அது பொருந்தாது, சுவத்துல கட்டி இருக்கும்போது சுரண்டினா ஓட்டை விழவும் ரத்தம் போகவும் வாய்ப்பு இருக்கு. இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்புச் சக்தியையே கேன்சர் மேல திருப்பிவிடுற வைத்தியம்) பத்தியும் கேட்டிருக்கீங்க. பெம்ப்ரோலிசுமாப், அவெலுமாப் மாதிரி ஊசிகள் கீமோ கேக்காதவங்கள்ல நல்லா வேலை செஞ்சிருக்கு, ஆனா அந்த ஆய்வுகள் சின்னச் சின்ன எண்ணிக்கையில நடந்தவை, விலையும் பயங்கரம், ஸ்கோர் 3க்கு இப்ப அந்தப் பக்கமே போக வேண்டியதில்ல.

குழந்தை விஷயம். எச்.சி.ஜி நார்மலாகி மருந்து முடிஞ்ச பிறகு ஒரு வருஷம் கர்ப்பம் ஆகாம பாத்துக்கணும். மருந்து மிச்சம் இருக்கும்னு பயந்து மட்டும் அப்படிச் சொல்றது இல்ல, நோய் திரும்புறதா இருந்தா (நூத்துல மூணு பேருக்கு) பெரும்பாலும் அந்த முதல் வருஷத்துலதான் திரும்பும், அப்ப கர்ப்பம் ஆயிட்டா எச்.சி.ஜி ஏறுறது குழந்தையாலயா நோயாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆணுறை போதும், கர்ப்பத்தடை மாத்திரையும் போடலாம், மாத்திரை போட்டா நோய் கூடும்ங்கிற பழைய பயம் இப்ப இல்ல. காப்பர் டி மட்டும் எச்.சி.ஜி நார்மலாகுற வரைக்கும் வேண்டாம். அதுக்கு அப்புறம் பிறக்கிற குழந்தைகளுக்குக் குறைபாடு கூடுதலா வர்றதா ஆய்வுகள் காட்டல. கூட்டு மருந்து எடுத்தவங்களுக்கு மாதவிலக்கு நிக்கிறது சராசரியா மூணு வருஷம் முன்னாடி வரும், மெத்தோட்ரெக்சேட் மட்டும்னா அந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. அடுத்த கர்ப்பத்துல சீக்கிரமே ஒரு ஸ்கேன், பிரசவமாகி ஆறு வாரத்துல ஒரு எச்.சி.ஜி, இது ரெண்டையும் மறக்காதீங்க.

வாராவாரம் ஒரே லேப்ல எடுங்க, லேபுக்கு லேப் கிட் மாறும், மாறினா ஏறிடுச்சா இறங்கிடுச்சான்னு குழப்பம் வரும். கடைசியில எண் 20, 30ன்னு இறங்காம ரொம்ப நாள் தொங்கினா மூத்திரத்துலயும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, ரத்தத்துல இருக்கிற வேற எதிர்ப்புப் பொருளால பொய்யா பாசிட்டிவ் காட்டுறது உண்டு, அது மூத்திரத்துல வராது. அப்படி இல்லாத நோய்க்காக கீமோ வாங்கினவங்களும் உலகத்துல இருக்காங்க. வைத்தியம் முடிஞ்ச பிறகும் நுரையீரல் புள்ளியோட தழும்பு எக்ஸ்ரேல மாசக்கணக்குல தெரியலாம், எச்.சி.ஜி நார்மல்னா அதை யாரும் தொட வேண்டியதில்ல. செலவைப் பத்திக் கேட்டிருந்தீங்க, மெத்தோட்ரெக்சேட் விலை குறைஞ்ச பழைய மருந்து, அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில கீமோ இலவசம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் கேன்சர் வைத்தியம் வரும். ரெண்டாவது கருத்து வேணும்னா அடையார் கேன்சர் இன்ஸ்டிடியூட், புதுச்சேரி ஜிப்மர் மாதிரி இடத்துல ஃபைலைக் காட்டலாம், ஆனா அதுக்காக முதல் ஊசியை வாரக்கணக்குல தள்ளிப் போடாதீங்க.

ஒண்ணே ஒண்ணு உங்க பதிவுல விட்டுப் போயிருக்கு, அந்த ரெண்டு புள்ளியோட அளவு. 1 செ.மீ.க்கு மேல இருந்தா மூளைக்கு எம்.ஆர்.ஐயும் வயித்துக்கு சி.டியும் எடுத்துட்டுத்தான் ஸ்கோரை முடிவு பண்ணணும், அதுல ஏதாவது தெரிஞ்சா நான் மேல போட்ட கணக்கு மாறும். எக்ஸ்ரே ரிப்போர்ட்ல அளவு எழுதலைன்னா திங்கட்கிழமை ஓ.பி.க்குப் போகும்போது ஃபிலிமையும் கையில கொண்டு போய் முதல்ல அதைக் கேளுங்க, பதிலை இங்கயே கீழ போட்டீங்கன்னா பாத்துச் சொல்றேன்.